நாலு வாசல் கேரவன்

பாலகுரு கட்டிய வண்டியைச் சிவகாசியில் எல்லாரும் கேரவன் என்றுதான் சொன்னார்கள். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிக்கு அதுதான் பெயர் என்று தெருவுக்கே தெரியும். அதனால் அவன் அதைக் கழுவித் துடைத்து வீட்டு முன்னால் நிறுத்திய முதல் நாள், உள்ளே இருப்பது யார் என்று கேட்டுக்கொண்டு பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேர் என்று சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவனுடைய அக்கா முருகேஸ்வரி அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

எண்ணுவதுதான் அவளுடைய வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், கணவர் செந்தூர்பாண்டியின் அச்சகத்தில் தினசரி காலண்டர் கட்டுகளை இருபத்தாறு வருடமாக அவள்தான் சரிபார்க்கிறாள். கட்டில் ஒரு தாள் குறைந்தால் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு நாள் விடியாமலே போய்விடும் என்பாள். எல்லாவற்றிலும் கறாரான அவள், தம்பி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவாள். அவன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஏறிக்கொண்டே வருகிறது.

பத்தாவது முடித்தவுடன் பாலகுரு பட்டாசு லாரிகளோடு துணைக்குப் போனான். ஆறு வருடம் அந்த வேலை. பட்டாசு ஏற்றிய லாரி ஊருக்குள் நிற்கக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது, அடுப்பு எரியும் இடத்தில் நிற்கக் கூடாது. மலைப்பாதைகளில் அருவியும் மூங்கில் காடும் ஜன்னல் வழியே ஓடிப்போகும். "அண்ணே, ரெண்டே நிமிஷம் ஓரங்கட்டுங்க" என்று அவன் கெஞ்சுவான். "ஒனக்கு அருவி, எனக்கு ஜெயிலா?" என்று டிரைவர் மிதித்துக்கொண்டே இருப்பார். நிற்கவே கூடாத வண்டியில் ஆறு வருடம் போய் வந்தவனுக்கு, நிறுத்திவிட்டுத் தங்குகிற வண்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது.

அதன்பின் சிவகாசிக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து போர்மேன் ஆனான். இருபத்திரண்டு வருடம். அவன் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒருவருக்கு விரல்கூடச் சுட்டதில்லை. இதில் முருகேஸ்வரி எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

வேலையாட்களை மல்லாங்கிணறு பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏற்றிவந்த பழைய வேன் ஒன்றைக் கம்பெனி விற்றபோது, காகித லோடு அடிக்க ஆகும் என்று செந்தூர்பாண்டி வாங்கினார்.

"மச்சான், மூணு மாசம் குடுங்க. உள்ள கொஞ்சம் வேலை பாத்துத் தாறேன்" என்றான் பாலகுரு.

மூன்று மாதம் பதினான்கு மாதம் ஆனது. சீட்டுகள் போய் நான்கு படுக்கைகள் வந்தன. தண்ணீர்த் தொட்டி, பாத்திர அலமாரி, இழுத்தால் மேசையாகும் பலகை, எல்லாம் அவன் கையால் செய்தவை. வண்டியின் அமைப்பு மாறியதை ஆர்.சி.யில் ஏற்ற ஏழு தடவை அலைந்தான். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த நல்ல கட்டடம் என்பது பட்டாசு அறை ஒன்றுதான். பட்டாசு அறைக்கு எல்லாப் பக்கமும் வாசல் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் இருக்கவே கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் தள்ளிய வேகத்தில் ஆள் வெளியே விழ வேண்டும். பாலகுருவின் கேரவனுக்கும் இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, டிரைவர் பக்கம் போக ஒன்று. தாழ்ப்பாள் எதிலும் இல்லை. ஏறுமுன் கை வைத்து உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்க ஒரு பித்தளைத் தகடு. வெளியே சிவப்பு வாளி நான்கு, இரண்டில் மணல், இரண்டில் தண்ணீர். கதவின் மேல் பெயின்டில் எழுதியிருந்தான்: "அறை எண் 1. ஆட்கள் 4. அதற்கு மேல் அனுமதி இல்லை." கேஸ் அடுப்பு வண்டிக்குள் கிடையாது. இறக்கிப் பத்தடி தள்ளி வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

"மாப்ள, இதுல தூங்கச் சொல்லுதியா, சரம் கட்டச் சொல்லுதியா?" என்று கேட்டார் செந்தூர்பாண்டி.

பொங்கல் லீவுக்கு நான்கு நாள் முன்னால் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். காலண்டர் சீசன் முடிந்தது, அடுத்து நோட்டுப் புத்தக சீசன். படுக்கையைக் கழற்றிவிட்டு வண்டியை லோடுக்கு விடப் போவதாகச் சொன்னார். பாலகுரு கையில் இருந்த திருப்புளியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். முருகேஸ்வரிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஏங்க, ஒரு ராத்திரி மலையில தங்கிப் பாப்போம். நல்லா இல்லேன்னா லோடு ஏத்திக்கோங்க" என்றாள்.

செந்தூர்பாண்டிக்குப் பந்தயம் என்றால் வெல்லம். அங்கேயே நிபந்தனைகளைச் சொன்னார். மேகமலை. இரண்டு தம்பதிகள், நான்கு பேர். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடிகிறவரை வண்டியில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் யாரிடமும் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வாங்கக் கூடாது. யாராவது ஒருவர் வண்டியை விட்டுப் போய்க் கட்டடத்துக்குள் படுத்தால் ஆட்டம் முடிந்தது.

"வண்டி ஆளுக யாராச்சும் போனா லோடு. சரி. நீங்களே போயிட்டா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"நானா? நான் போனா வண்டி மாப்ளைக்கே."

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த வனத்துறை விடாது. ஆகவே மேட்டு நிலத்தில் ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் விடுதி வளாகத்தில் நிறுத்த பாலகுரு முன்கூட்டியே அனுமதி வாங்கினான். முருகேஸ்வரி எண்பத்து மூன்று பொருள்களுக்குப் பட்டியல் போட்டாள். சுக்கு முதல் ஊசி நூல் வரை. ஒவ்வொன்றையும் வண்டியில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். பத்து இருபதுக்கு மலையடிவாரச் செக்போஸ்ட். வனக் காவலர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். சிவப்பு வாளிகளைப் பார்த்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார். கதவில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

"சிவகாசில இருந்து வாறீங்க. அறை எண் ஒண்ணு. ரெண்டாவது அறை பின்னாடி வருதா?"

"இல்ல சார், இது குடும்ப வண்டி" என்றான் பாலகுரு.

"குடும்பத்துக்கு எதுக்குய்யா மணல் வாளி?"

"பாதுகாப்புக்கு சார்."

"யாருகிட்ட இருந்து?"

செந்தூர்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாற்பது நிமிடம் சோதனை நடந்தது. படுக்கைக்கு அடியில், அரிசி டப்பாவில், முறுக்குத் தூக்கில், எல்லாவற்றிலும் கை விட்டார்கள். ஒரு ஊசிவெடி இல்லை. ஒரு தீக்குச்சிகூட இல்லை. "சிவகாசி வண்டியில தீப்பெட்டி இல்லாம இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று காவலர் மெச்சிக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.

எல்லாருக்கும் நிம்மதி. முருகேஸ்வரிக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடுவதற்குள் மலைப்பாதை வந்துவிட்டது. மேகமலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் பெயர்ப்பலகைகளை எண்ணுவதில் மற்றதை மறந்துபோனாள். பதினெட்டும் சரியாக இருந்தது.

மேலே போனதும் பாலகுரு வண்டியை நிறுத்தி இறங்கினான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஏரித் தண்ணீர், அதற்கப்பால் காடு. சாலையோரத்தில் சும்மா நின்றான். பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடம் நின்றான். முருகேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கூப்பிடப்போன கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தாள்.

விடுதி என்பது ஓடு வேய்ந்த மூன்று அறைகள். வாட்ச்மேன் கருப்பணன் இடம் காட்டினார். வண்டிக்கும் விடுதிக்கும் இடையே நாற்பது அடி. "ரூமு காலியாத்தான் இருக்கு, கேட்டா கம்பளி குடுப்பேன், வெந்நீர் இருக்கு" என்று அவர் சொன்னபோது செந்தூர்பாண்டி மற்ற மூவரின் முகத்தையும் ஆசையோடு பார்த்தார்.

ஆறு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. பாலகுரு அடுப்பை இறக்கிப் பத்தடி தள்ளி வைத்தான். முருகேஸ்வரி பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். தீப்பெட்டியைத் தேடினாள். அப்போதுதான் செக்போஸ்டில் உறுத்தியது என்ன என்று புரிந்தது.

"முப்பத்தோராவது சாமான். என் கையால வச்சேன்" என்றாள்.

பாலகுருவின் மனைவி பாண்டிமீனா மெதுவாக நிமிர்ந்தாள்.

"மதினி, மூணாவது பையில, சீப்புக்குப் பக்கத்துல இருந்ததா?"

"ஆமா."

"அதை நான் எடுத்துட்டேன். காலைல இவுக வேலைக்குக் கிளம்பும்போது பையி, சட்டை எல்லாம் தடவிப் பாத்து, தீப்பெட்டி இருந்தா எடுத்து மாடத்துல வச்சிருவேன். இருவது வருசமா அப்படித்தான். இன்னைக்கும் கை பாட்டுக்கு எடுத்துருச்சு."

பட்டாசுக் கம்பெனி வாசலில் தீப்பெட்டியோடு பிடிபட்டால் வேலை போய்விடும். அந்த வீடுகளில் எல்லா மனைவிமாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பாண்டிமீனாவைக் குறை சொல்ல முருகேஸ்வரிக்கு வாய் வரவில்லை. பட்டியலில் பிழை இல்லை என்பது ஒன்றே அவளுக்கு ஆறுதல்.

செந்தூர்பாண்டிக்கோ கொண்டாட்டம். "ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புற ஊரு. கேட்டு வாங்கலாம்னா, நிபந்தனை இருக்கே" என்று கருப்பணன் காதில் விழும்படி சொன்னார்.

முதல் நாளே விருதுநகரிலிருந்து வாங்கி வைத்திருந்த எண்ணெய்ப் புரோட்டாவைப் பிரித்தார்கள். மலைக் குளிரில் அது விறைத்துப் போயிருந்தது.

"காலண்டருக்குப் பின்னால ஒட்டுற அட்டை இதைவிட எளசா இருக்கும்" என்றார் செந்தூர்பாண்டி.

"பேசாம மெல்லுங்க. குளிர்ல பல்லு ஆடுனா சத்தம் வெளிய தெரியாது" என்றாள் முருகேஸ்வரி.

இருட்டியதும் காற்று எழுந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. இடப்பக்கம் அறைந்தால் வலப்பக்கம் பதில் சொன்னது. அச்சகத்தில் கட்டுக்கட்டும் பிளாஸ்டிக் வாரால் பாலகுரு மூன்று கதவுகளைக் கட்டினான். நான்காவதான இடப்பக்கக் கதவைக் கட்டச் சொன்னபோது முடியாது என்று தலையாட்டிவிட்டான்.

"ஒண்ணாவது தள்ளுனா திறக்கணும் மச்சான். எல்லாத்தையும் கட்டிட்டு என்னால கண்ண மூட முடியாது."

"அப்ப அந்தக் கதவுகிட்ட எவன் படுப்பான்?"

அந்த நேரத்தில் முருகேஸ்வரி கணவரின் ஜெர்கினை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். பையில் ஏதோ கட்டையாக இடித்தது. தொட்டுப் பார்த்தாள். சாவி. மரத்துண்டில் "2" என்று எழுதியிருந்தது. மனிதர் யாருக்கும் தெரியாமல் அறை எடுத்து வைத்திருக்கிறார். யாராவது குளிரில் தடுமாறினால் சாவியை நீட்டி ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது திட்டம்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு நொடியில் கோபம் போய் வேறொன்று வந்தது. சாவியை இருந்த இடத்திலேயே விட்டாள்.

"நீங்கதான் கதவுகிட்டப் படுக்கணும். காடு. ஆம்பள ஆளு வாசல்ல இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்றாள்.

அதற்கு மேல் அவர் மறுக்க முடியாது. கனமான கம்பளியை அவள் பாண்டிமீனாவுக்குக் கொடுத்தாள். இரண்டாவதைத் தம்பிக்கு. மூன்றாவதைத் தான் வைத்துக்கொண்டாள். கணவருக்குக் கோயில் திருவிழாவுக்கு எடுத்த ஒரு மெல்லிய பருத்திப் போர்வை போனது. ஜெர்கினைக் கையில் கிடைக்கிற தூரத்தில் மாட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, நன்றாகத் தூங்குகிறவள் மூச்சு எப்படி இருக்கும் என்று யோசித்து அப்படியே விட்டாள்.

கதவுப் பக்கம் பல் கிடுகிடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு ஜெர்கின் உரசியது. கதவு மெல்லத் திறந்து மூடியது. முருகேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், அதன்பின் உண்மையாகவே தூங்கினாள்.

விடிந்து பாலகுரு எழுப்பியபோது அவன் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அக்கா, சத்தம் போடாத. இடப்பக்கம் காட்டுமாடு நிக்குது."

ஜன்னலில் ஒரு கறுத்த விலா மட்டும் தெரிந்தது. அது மூச்சு விடுவதும் தெரிந்தது. பாண்டிமீனா பாலகுருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவருகே மச்சானின் படுக்கை காலி; அக்கா விடுதிப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் பதறவில்லை. வலப்பக்கக் கதவின் வாரை அறுத்தான், தள்ளினான், முதலில் மனைவியை இறக்கினான், பிறகு அக்காவை, கடைசியாகத் தான். வண்டியை மறைவாக வைத்துக்கொண்டே மூவரும் விடுதிக்குப் பின்னால் இருந்த கருப்பணனின் குடிசைக்கு நடந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு தடவை வேலையாட்களுக்கு அவன் பழக்கிவிட்ட நடை அது. ஓடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது.

"எத்தனை மாடு அண்ணாச்சி?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"ரெண்டு. ஒண்ணு ஒங்க வண்டிகிட்ட. இன்னொண்ணு ரெண்டாம் நம்பர் ரூமு வாசல்ல படுத்துக்கிடக்கு. அதுவாப் போனாத்தான் உண்டு. நாம கிட்டப் போகக் கூடாது" என்றார் கருப்பணன். குடிசையில் அடுப்பு எரிந்தது. "டீ குடிக்கீகளா?"

"விடிஞ்சிருச்சுல்ல. குடிக்கலாம்."

முதல் டம்ளர் பாதி முடிந்தபோது இரண்டாம் நம்பர் அறையின் பின்பக்க ஜன்னலில் ஒரு முகம் வந்தது.

"முருகேசு."

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா? எங்க வீட்டுக்காரரு வண்டியில தூங்குறாக. சத்தம் போட்டா முழிச்சுக்கிருவாக."

"வெளையாடாத. வாசல்ல மாடு படுத்துருக்கு."

"அங்கன எப்படிப் போனீக?"

"ஒண்ணுக்குப் போக வந்தேன்."

"சாவியோடயா?"

பாலகுரு தலையைக் குனிந்து டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரியாதையான குரலில் கேட்டான்.

"மச்சான், அந்த ரூமுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணுதாம்லே."

"கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம். மாட்டு முதுகுல முட்டுது. போதுமா?"

ஒரு மணி நேரத்தில் வண்டிப் பக்கம் நின்ற மாடு காட்டுக்குள் போய்விட்டது. வாசல் மாடு அசையவில்லை, அசைபோட்டுக்கொண்டிருந்தது. செந்தூர்பாண்டியின் உதடு வெளுத்திருப்பது குடிசையிலிருந்தே தெரிந்தது. பாலகுருவுக்கு மனசு கேட்கவில்லை. ஹாரன் அடிக்காமல், வேகம் எடுக்காமல் போகலாமா என்று கருப்பணனிடம் கேட்டுக்கொண்டு, வண்டியை ஊர்ந்து போகவிட்டு, இடப்பக்கக் கதவு ஜன்னல் கம்பிக்கு நேராக வரும்படி நிறுத்தினான். நடுவில் ஒரு முழம் இடைவெளி. உள்ளிருந்து முருகேஸ்வரி ஆவி பறக்கும் டம்ளரைக் கம்பிக்குள் நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் விடவில்லை.

"முதல்ல சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"வண்டில லோடு ஏத்த மாட்டேன்னு."

"ஏத்த மாட்டேன்."

"என்ன லோடு?"

"பேப்பரு."

"அட்டை?"

"அட்டையும்தான்."

"நோட்டு?"

"நோட்டும்."

"காலண்டர் விட்டுப்போச்சு."

"முருகேசு, டீ ஆறுது."

"நீங்க நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க, வேற டீ போட்டுக்கிடலாம்."

அவர் காலண்டரையும் சொன்னார். மையையும் பசையையும் அவராகவே சேர்த்துக்கொண்டார். அவள் கையை எடுத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பாலகுரு திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நெசமாத்தானா மச்சான்?"

"வண்டி ஒன்னுதுலே. அந்தப் போர்வையை மட்டும் கொஞ்சம் தா."

ஜன்னலில் முகம் தெரிந்ததிலிருந்து வாசல் மாடு எழுந்து போனது வரை எவ்வளவு நேரம் என்று முருகேஸ்வரி கடிகாரத்தில் கணக்கு வைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் செந்தூர்பாண்டி வேறொரு லோடு வண்டி வாங்கினார். கேரவன் அதற்குள் மேகமலைக்கு இன்னொரு தடவையும் மன்னவனூருக்கு ஒரு தடவையும் போய்வந்துவிட்டது. சனிக்கிழமை கம்பெனி விட்டதும் பாலகுருவும் பாண்டிமீனாவும் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆடி மாதத்தில் காலண்டர் ஆர்டர் கொடுக்க மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். செந்தூர்பாண்டி அவருக்குக் குடிக்கக் கலர் சோடா வரவழைத்துவிட்டு, தன் மச்சினன் கட்டிய வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காட்டுமாடு இப்போது நான்காகியிருந்தது. பெண்கள் பயந்துபோய் உட்கார்ந்திருந்ததாகவும், மாடுகளின் கவனத்தைத் திருப்பத் தான் ஒருவர் மட்டும் இறங்கிப் போய் அவற்றை எதிரே நிறுத்தி வைத்ததாகவும் சொன்னார்.

"எவ்வளவு நேரம்ணே?" என்று வியாபாரி வாய்பிளந்து கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

மூலையில் மேசையில் குனிந்து தாள் எண்ணிக்கொண்டிருந்த முருகேஸ்வரி விரலை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ரெண்டே முக்கால்."